பைலா இறாக்கையில் பார்க்கவும்

ஐறீன் ஷட்டரைப் பாதிவரை தூக்கி, குனிந்து, கடைக்குள் நுழைந்தாள். வலது முழங்கால் கடக்கென்றது. “ம், நீயும் உன்ர பங்குக்குச் சத்தம் போடு” என்று அதைத் திட்டிக்கொண்டே போய் மேசை லாச்சியை இழுத்தாள்.

உன் அப்பாவின் படத்தை எடுத்துவரப் போகிறேன் என்றுதான் மகன் ராகுலனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கடையின் சுவரில் தொங்கும் அந்தப் படத்தில் மட்டும்தான் மனுஷன் பல் தெரியச் சிரிக்கிறார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க அது வேண்டும், பொய்யில்லை. ஆனால் அவள் தேடிவந்தது படத்தை அல்ல. எங்கேயாவது ஒரு துண்டுக் கடதாசியில், ‘என்னை இன்ன இடத்தில் வையுங்கோ’ என்று ஒரு வரி எழுதியிருக்கமாட்டாரா?

லாச்சியில் ஊசிப் பெட்டிகள், இசைத்தட்டுத் துடைக்கும் வெல்வெட் துணி, பாதி தின்ற வில்லைகள். பிறகு ஒரு திருநீற்றுப் பொட்டலம். அதற்குப் பக்கத்திலேயே, அவள் கொடுத்த அந்தோனியார் சுரூபப் படம். இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் கிடந்தன. கடதாசி மட்டும் இல்லை.

“இஞ்சாருங்கோ, இது நல்லா இருக்கோ?” என்று வெறும் கதிரையைப் பார்த்துக் கேட்டாள். “பத்தாயிரம் தட்டுக்கு இடம் பாத்தீங்கள். உங்களுக்கொரு இடம் பாக்க நேரம் கிடைக்கேல்லையாக்கும்!”

அவள் புருஷன் ஸ்ரீஸ்கந்தராசா நேற்று, திங்கட்கிழமை விடியப்புறம், தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டு, “நெஞ்சுக்கை ஒரு மாதிரிக் கிடக்கு” என்றார். மீதித் தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெள்ளவத்தை ஃபிளற்றின் லிஃப்டுக்குள் பெட்டி நுழையாது என்பதால், உடல் இப்போது பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் இருக்கிறது.

யாராவது சண்டை பிடித்திருந்தாலாவது ஐறீனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். கொட்டாஞ்சேனையில் பிறந்தவளுக்கு அதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒருவரும் வாய் உயர்த்தவில்லை.

அவள் தம்பி நிக்கலஸ் வந்து பக்கத்தில் இருந்து, மெதுவாகச் சொன்னான். “ஃபாதர்கிட்ட கதைச்சிட்டேன்க்கா. மச்சான் வேதக்காரர் இல்லாட்டியும் வந்து ஜெபம் சொல்றேன்னார். மாதம்பிட்டியில அப்பா அம்மா கல்லறைக்குப் பக்கத்துல ரெண்டு பேருக்கு இடம் கிடக்கு. ஆனா உன் இஷ்டம்.”

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கிய அவரின் தமக்கை நாகேஸ்வரி, எழுபத்தெட்டு வயது, அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள். “சைவப் பிள்ளையாப் பிறந்தவன். எரிச்சு, சாம்பலைக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலிலை கரைச்சால் ஐயா அம்மாவோடை சேருவான். ஆனால் உன்ரை புருஷன், பிள்ளை. நீ சொல்லுறதுதான்.”

ராகுலன் கடிகாரத்தைப் பார்த்தான். “பத்து மணிக்குள்ளை சொல்லோணும் அம்மா. எரிக்கிறதெண்டால் கனத்தைச் சுடலையிலை நேரம் எடுக்கோணும். புதைக்கிறதெண்டால் மாமா குழி வெட்டச் சொல்லோணும். நீங்கள்தான் சொல்லோணும்.”

எல்லோரும் நல்லவர்கள். எல்லோருமாகச் சேர்ந்து பாரத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டார்கள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. மாதம்பிட்டியில் அந்த இரண்டு இடத்தில் ஒன்றில் அவர், மற்றதில் அவள். வருஷா வருஷம் நவம்பர் இரண்டாந் திகதி, மரித்தவர்களின் நாளில், அவள் பெற்றோருக்கு மெழுகுதிரி கொளுத்தும்போது காற்றுக்குக் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். அந்த மண்ணை அவருக்குத் தெரியும். தனக்கு வேண்டியது அதுதான் என்று சொன்னால் ஒருவரும் மறுக்கமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் சொல்ல நாக்கு எழவில்லை.

மணி ஒன்பதேகால். படத்தைக் கழற்றுவதற்கு ஸ்டூலை இழுத்தபோது, பக்திப் பாடல் இறாக்கையில் அந்த மட்டை கண்ணில் பட்டது. பிளாஸ்டிக் உறைக்குள், அவளுடைய கன்னியர் மடத்து உருண்டைக் கையெழுத்தில்: ‘ஒஸ்வால்ட் தங்கையா. பைலா இறாக்கையில் பார்க்கவும்.’

எழுபத்தொன்பது டிசம்பரில், நத்தாருக்கு முதல் கிழமை, அவள் இந்தக் கடைக்கு முதன்முதல் வந்ததே ஒஸ்வால்ட் தங்கையாவைத் தேடித்தான். அந்த மனுஷன் ஓர் இடத்தில் அடங்குகிற ஆளா? சிங்களத்தில் பைலா என்ற ஆட்டப் பாட்டுப் பாடினார், தமிழில் மாதா பாட்டுப் பாடினார், கச்சேரிகளில் பக்கத்தில் இருந்து வயலின் வாசித்தார், இரவானால் கோட்டையில் ஏதோ ஹோட்டலில் வெள்ளைக்காரப் பாட்டுக்கு கிற்றார் அடித்தார். துறைமுக அலுவலகத்தில் கிளாக் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஐறீனுக்கு அவருடைய நத்தார் கீதத் தட்டு வேண்டும். பக்தி இறாக்கையைக் கிண்டிக் கிண்டிப் பார்த்து விரல் முழுக்கத் தூசி. கடைசியில் கல்லாவில் இருந்த மெலிந்த இளைஞன், நெற்றியில் மூன்று குறி திருநீறு, பைலா இறாக்கையில் இருந்து அதை உருவி எடுத்துக் கொடுத்தான்.

“மாதாவுக்குப் பாடின மனுஷன கொண்டுபோய் குடிகாரப் பாட்டுக்குப் பக்கத்துல வச்சிருக்கீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?”

“ஆள் ஒண்டு, மிஸ். தட்டை நாலு இடத்திலை எப்பிடி வைக்கிறது?”

“தட்ட ஓர் இடத்துல வைங்க. மத்த இடத்துல எல்லாம், இவர் அங்க இருக்கார்னு ஒரு மட்டை எழுதி வைங்க. தேடி வர்றவன் வெறுங்கையோட போகமாட்டானே!”

அவன் உடனே ஒரு மட்டையையும் பேனையையும் நீட்டினான். “என்ரை எழுத்துக் கோழி கிண்டினது மாதிரி. நீங்களே எழுதித் தாங்கோ.”

அங்கே தொடங்கியது எல்லாம். அவளுக்காக ஒஸ்வால்ட் தங்கையாவை மாதா பாட்டுகளோடு கொண்டுபோய் வைப்பான் என்றுதான் அவள் நினைத்தாள். அதுதானே காதலிக்கிறவன் செய்வது? இந்தப் பிரகிருதி என்ன செய்தது தெரியுமா? ஒரு மாதம் ஒரு கொப்பியில் குறித்தது. தேடி வந்தவர்களில் பதினொரு பேர் முதலில் பைலா இறாக்கையில் கை வைத்தார்கள், மூன்று பேர் பக்தியில். தட்டு பைலாவில்தான் இருந்தது. அவளுக்குக் கிடைத்தது மட்டை.

“எங்களுக்கு எங்கை விருப்பம் எண்டில்லை, ஐறீன். தேடி வாறவை முதல் எங்கை கை வைப்பினமோ, அங்கைதான் அந்த ஆளின்ரை இடம்” என்றார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தது. கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டுப் பின்னறையில் எட்டு மாதம் இருந்துவிட்டு, அவளையும் கட்டிக்கொண்டு வந்து, திரும்ப வாங்கி அடுக்கிய முதல் தட்டுகளில் ஒஸ்வால்ட் தங்கையாவும் ஒன்று. பைலா இறாக்கையில். அவள் மூன்று மட்டைகளையும் திரும்ப எழுதிக் கொடுத்தாள். கோபத்தோடுதான்.

ஷட்டருக்குக் கீழே ஒரு சோடி வெள்ளைச் செருப்புத் தெரிந்தது. பிறகு ஒரு தொப்பி, பிறகு ஸாலிஹ். பாமன்கடையில் இருக்கும் பழைய வாடிக்கையாளர். களனியில் மகள் வீட்டில் இரண்டு கிழமை இருந்துவிட்டு நேரே இங்கே வருகிறார் போல, கையில் பை.

“என்ன மிஸிஸ், அரைக் கதவு? அய்யா எங்க? பிள்ளையார் கோயிலுக்குப் போயிட்டாரா?”

ஐறீன் ஸ்டூலை விட்டுத் திரும்பினாள்.

“ஸாலிஹ், இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை.”

“ஓ.”

“நாப்பது வருஷமாச் செவ்வாய்க்கிழமையில என்னோட கொச்சிக்கடை அந்தோனியாருக்குப் போறவர். உங்களுக்குத் தெரியாததா? அங்க போயிருப்பார் எண்டு ஏன் நினைக்கேல்ல?”

ஸாலிஹ் பையை மறுகைக்கு மாற்றினார். ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. “அது தெரியும்தான். ஆனா அய்யாவ நெனச்சா மொதல்ல அந்த நெத்திதானே வருது. திருநீறோட.”

அதற்குப் பிறகுதான் அவள் சொன்னாள். “இன்னாலில்லாஹி” என்று அவர் குரல் இறங்கிவிட்டது. பையைத் தரையில் வைத்துவிட்டு, வாடிக்கையாளருக்கான வாங்கில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். ஐறீன் அவருக்கு ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பாவம், அந்த மனுஷன் யோசித்தா சொன்னார்? கை தானாகப் போன இடத்தைச் சொன்னார்.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் ராகுலனுக்குப் போன் எடுத்தாள். “கனத்தைக்குச் சொல்லு.”

“அம்மா, வடிவா யோசிச்சோ? மாமாவும் பாவம்… சாம்பலிலை பாதியை மாதம்பிட்டியிலை உங்களுக்கு…”

“இரட்டைத் தட்டு செற்றைப் பிரிச்சு ரெண்டு இடத்தில வைக்கிறவரோ உன்ர அப்பா? முழுசா நாகேஸ்வரி மாமியிட்டக் குடு. கீரிமலைக்குக் கொண்டு போகட்டும்.”

போனை வைத்தபிறகு நின்ற நிலையிலேயே அழுதாள். ஸாலிஹ் மற்றப் பக்கம் திரும்பி, ஏதோ ஒரு தட்டின் பின்புறத்தை நெடுநேரம் வாசித்துக்கொண்டிருந்தார். படத்தைக் கழற்றி வைத்துவிட்டு, போவதற்கு முன் அவள் லாச்சியில் இருந்து ஒரு வெறும் மட்டையை எடுத்தாள். ‘ஸ்ரீஸ்கந்தராசா’ என்று எழுதினாள். இரண்டாவது வரிக்குப் பேனை போகவில்லை. கீரிமலை! நானூறு கிலோமீற்றர். மட்டையை அப்படியே பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக் கைப்பைக்குள் போட்டாள்.

மறுநாள் பின்னேரம் மலர்ச்சாலையில் கிரியைகள் முடிந்தன. தேவாரம் பாடினார்கள், சுண்ணம் இடித்தார்கள், நிக்கலஸ் ஓரமாக நின்று செபமாலை உருட்டினான். ஐறீன் வாய்க்கரிசி போட்டுவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பாராமல், அந்த நெற்றியில் சிலுவை போட்டாள். திருநீற்றில் அவள் விரல் வெளுத்தது. அதை அவள் துடைக்கவில்லை.

பெட்டியைத் தூக்கினார்கள். ஆண்கள் பின்னால் போனார்கள். ஐறீனும் ஓரடி வைத்தாள். நாகேஸ்வரி அவள் கையைப் பிடித்தாள்.

“பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை, பிள்ளை. வாசலோடை சரி.”

வாகனம் திரும்பிக் கனத்தைப் பக்கம் போனது. அவ்வளவுதான். நாற்பத்தைந்து வருஷம், ஒரு திருப்பத்தோடு மறைந்துவிட்டது. ஐறீன் கைப்பையைத் தோளில் மாட்டினாள். பிறகு வீதிக்கு இறங்கி ஒரு முச்சக்கர வண்டியை மறித்தாள்.

“மல்லி, மாதம்பிட்டிய யமுத?” தம்பி, மாதம்பிட்டிக்குப் போவோமா என்று சிங்களத்தில் கேட்டாள்.

“எங்கை போறாய்?” என்றாள் நாகேஸ்வரி.

“எங்கட சுடலைக்கு, மச்சாள். ஒரு வேலை இருக்கு.”

நாகேஸ்வரி ஒரு கையால் சேலைக் கரையைத் தூக்கி, மறு கையால் வண்டியின் கம்பியைப் பிடித்தாள். “தள்ளி இரு.”

“பொம்பிளையள் போறேல்லை எண்டு இப்பதானே சொன்னீங்கள்?”

“அது எங்கடை சுடலைக்கு. உங்கடை சுடலைச் சட்டம் எனக்குத் தெரியாது. எப்பிடியும் போய்த் தலைமுழுகத்தானே வேணும், ஒரே முழுக்குத்தான். தள்ளி இரு எண்டுறன்.”

வழியில் நெரிசல். ஐறீன் ஒஸ்வால்ட் தங்கையாவின் கதையைச் சொன்னாள், கொப்பியில் குறித்ததையும், பதினொரு பேரையும், மட்டையையும். மாதம்பிட்டிக் குழியில் அவள் வைத்திருந்த ஆசையையும் ஒளிக்கவில்லை. ஸாலிஹ் கேட்ட கேள்வியையும் சொன்னாள். நாகேஸ்வரி ஒருமுறை மட்டும், “சின்னனிலையும் அப்பிடித்தான். நெருப்புப்பெட்டிப் படங்களை நிறம் நிறமா அடுக்குவான்” என்றாள்.

கல்லறையைச் சுற்றிப் புல் ஈரமாக இருந்தது. அப்பா, அம்மா பெயர் வெட்டிய கல். அதற்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கான வெறுந்தரை. ஐறீன் முழங்காலைத் திட்டிக்கொண்டே குந்தி, கைப்பைக்குள்ளிருந்து மட்டையை எடுத்தாள். நாகேஸ்வரி குனிந்து வாசித்தாள்.

“பேர் மட்டுந்தான் கிடக்கு.”

“மற்றது எழுத வரேல்ல, மச்சாள்.”

காற்று உப்பு மணத்தோடு வந்தது. நாகேஸ்வரி தலையை நிமிர்த்தி மோந்து பார்த்தாள்.

“கடல் கிட்டவோ?”

“ஓம். முகத்துவாரம். கொழும்பில எல்லாரும் அங்கதான் சாம்பல் கரைக்கிறவை. ஆட்டோவில பத்து நிமிஷம்.”

நாகேஸ்வரி வெறுந்தரையைப் பார்த்தாள். பிறகு ஐறீனின் விரலை, அதில் இன்னும் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்தாள்.

“எனக்கு எழுபத்தெட்டு. நான் இன்னும் எத்தினை வரியம் கீரிமலைக்குப் போய் அவனைத் தேடப் போறன்? தேடி வரப் போறது நீயெல்லோ.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “பேனை வைச்சிருக்கிறியோ?”

ஐறீன் கைப்பைக்குள் துழாவினாள். செபமாலை வந்தது, கைக்குட்டை வந்தது, கடைசியாகப் பேனை வந்தது. எழுதுவதற்குச் சமமான இடம் இல்லை. நாகேஸ்வரி தன்னுடைய தோல் கைப்பையைத் திருப்பி, அடிப்பக்கம் மேலே வர, இரண்டு கையாலும் அவள் முன் நீட்டிப் பிடித்தாள்.

ஐறீன் மட்டையை உறையிலிருந்து உருவி, அதன் மேல் வைத்து, உருண்டை எழுத்தில், அவசரமில்லாமல் எழுதினாள். ‘முகத்துவாரத்தில் பார்க்கவும்.’ மை காயும்வரை இருவரும் ஊதினார்கள். பிறகு திரும்ப உறைக்குள் செருகி, கல்லுக்கும் பூச்சாடிக்கும் நடுவில் நிறுத்தினாள்.

மட்டை கொஞ்சம் சரிந்தது. நாகேஸ்வரி ஒரு விரலால் அதை நிமிர்த்திவிட்டாள்.