உச்சிக்கொடையில் வராத சாமி

கோயில் கொடைவிழாவின் நண்பகல் பூசையான உச்சிக்கொடைக்கு மேளம் முறுகியும் ஞானசெல்விக்குச் சாமி வரவில்லை. சாமியாடியாக இருந்த அப்பா இறந்ததிலிருந்து சங்கரன்கோவில் கீழத்தெரு இசக்கியம்மன் அவள் மேல்தான் இறங்குகிறாள். இறங்கிவிட்டால், தான் பேசுவது எதுவும் அவளுக்குத் தெரியாது. இன்று வாயிலிருந்த வேப்பிலையின் கசப்புகூடத் தெரிந்தது.

"மேளக்காரருக்குக் கை ஓஞ்சிட்டு வே, அம்மைய வெரசா வரச் சொல்லும்," என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

எதிரே ஷீலா மகளை இடுப்பில் வைத்து நின்றாள். பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அம்மன் உத்தரவில்லாமல் ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரிடமே சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

"தாயே, கொண்டுபோவட்டா, வேண்டாமா?"

சாமி வரவில்லை என்றால் ஷீலா அதையே மறுப்பாக எடுத்துக்கொள்வாள். வந்ததுபோல் ஆடினால் அம்மனின் வாக்கைத் திருடியதாகும். பிறகு அம்மன் தன்மேல் வராமலே போய்விடலாம். ஞானசெல்வி அந்த உதட்டையே பார்த்தாள். பிறகு திருநீற்றை அள்ளிப் பிள்ளையின் நெற்றியில் பூசினாள்.

"ஏட்டி, கூட்டிட்டுப் போ. நான் கூடவே வாரேன்."

குரல் அவளுடையதாகவே இருந்தது. சாமி மலையேறும்போது எப்போதும் நினைவில்லாமல் சரிவாள். இன்று தானாக விழவேண்டியிருந்தது. முழங்கால் கல்லில் மோதி வலியில் உயிர் போனது. முனகாமல், கண்ணை மூடிக் கிடந்தாள். பக்கத்தில் ஷீலா, புருஷனைக் காரோடு வரச்சொல்லி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.