துலா மிதித்த கால்

தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதன்மேல் ஒரே ஒரு ரான்சிஸ்ரரை வைத்துக் கொண்டுவந்தாள் என் மகள் குணலட்சுமி. கடலைப்பருப்பு அளவுச் சாமான், மூன்று கால். பல்கலைக்கழகக் கம்பஸில் அவளுக்குப் பெரிய பாடம் கணிதம். துணைப்பாடமாகக் குறைகடத்தி எடுத்திருந்தாள்.

"இதை எரிச்சுப்போட்டா வேறை இல்லை ஐயா. திங்கட்கிழமை ஆறு கோடும் கீறிக் குடுக்கோணும். செவ்வாய்க்கிழமை மற்றப் பிள்ளைக்கு இதே சாமான் வேணும்."

"குடுக்காட்டி?"

"சோதினை எழுத விடமாட்டினம்."

அந்தச் சாமானுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் ஏற்றி, அது எவ்வளவை விடுகிறது என்று மீற்றரில் பார்த்து, வரைபுத்தாளில் கீறவேண்டும். எனக்கு விளங்கியது அவ்வளவுதான். ஆனால் சண்டையால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்று ஒரு வருடத்துக்கு மேல். பற்றறிக்கு அரசாங்கத் தடை. நாங்கள் றேடியோ கேட்பதே, சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு நான் மிதிக்க, டைனமோவில்தான். கோடும் அதில்தான் கீறவேண்டும்.

எங்கள் ஊர் மயிலிட்டியிலிருந்து ஓடிவந்து, கோப்பாயில் மார்க்கண்டரின் வெங்காயத் தோட்டத்துக் கொட்டிலில் இருந்தோம். அவருடைய இறைப்பு மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. கிணற்றின் பழைய துலாவை, அந்த ஏற்ற மரத்தை, திருத்திக் கட்டி, என்னை அதில் ஏற்றிவிட்டார். விடிய அஞ்சு மணியிலிருந்து பத்து மணிவரை அந்த மரத்தில் நடை. வாளி கிணற்றுக்குள் இறங்கும்போது மெல்ல நடக்கவேண்டும். நிரம்பினதும் விறுவிறென்று மற்றப் பக்கம். நாளுக்கு எத்தனை நூறு தரமோ.

சனிக்கிழமை இறைத்துவிட்டு வந்து, அப்படியே சைக்கிளில் ஏறினேன்.

"ஒரே சீராய் மிதியுங்கோ ஐயா. சைக்கிள் லைற் எரியிற வெளிச்சம் மாறக்கூடாது. பல்ப் போச்செண்டா எல்லாக் கரண்டும் இதுக்குள்ளை பாயும்."

"சரி பிள்ளை. இதென்ன வேலை, இருந்தபடி செய்யிறதுதானே."

நாலு கோடு சரிவந்தது. அவள் எண்களைச் சொல்லிச் சொல்லி எழுதினாள். அந்தக் குரலும் வெயிலும் சேர்ந்து என் கண்ணைச் சொக்க வைத்தன. ஐந்தாவது கோட்டில், எனக்குத் தெரியாமலே என் கால் துலாவில் ஏறிவிட்டது. மெல்ல, மெல்ல. பிறகு விறுவிறென்று.

பல்ப் வெள்ளையாய்ப் பளிச்சிட்டு அணைந்தது. மீற்றர் முள் துள்ளி விழுந்தது.

"ஐயா!"

காலை நிறுத்தினேன். நிறுத்தி என்ன?

வயரை மாற்றிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். "செத்துப்போச்சு" என்றாள். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மிச்ச ரண்டையும் நீயே ஒருமாதிரிக் கீறிவிடன் பிள்ளை. ஆருக்குத் தெரியும்?"

"கீறலாம் ஐயா. செத்ததை அந்தப் பிள்ளைக்கு எப்பிடிக் குடுக்கிறது? அவளும் பொய்க்கோடு கீறுறதோ?"

கல் உடைத்து, மண் வெட்டிப் படிப்பித்த பிள்ளை. என் காலாலேயே உதைத்துவிட்டேனே என்று அந்தக் காலில் குத்திக்கொண்டேன்.

என் மனுசி சிவக்கொழுந்து அடுப்படியிலிருந்து எழும்பி வந்தாள். "உந்த றேடியோவுக்குள்ளை இந்தச் சாமான் இல்லையோ?"

"இருக்கம்மா. எடுத்தா றேடியோ கதைக்காது."

மயிலிட்டிக்குத் திரும்பிப் போகலாம் என்று ஒருநாள் சொல்வார்கள் என்று, நாள் தவறாமல் அந்த றேடியோவுக்குக் காது கொடுத்திருந்தவள் அவள்தான்.

"உது கதைச்சு என்னத்தைக் கண்டனாங்கள்? கழட்டு" என்றாள்.

கம்பியைச் சிரட்டைத் தணலில் காய்ச்சி, ஈயத்தை உருக்கிக் கழற்றினோம். கூடச் சூடு பட்டால் இதுவும் சாகும் என்று மகள் சொன்னதால் மூச்சுக்கூட விடவில்லை. வேறு பல்ப் கிடையாது. மகள் ஒரு கிளாஸ் உப்புத்தண்ணீருக்குள் இரண்டு ஆணியை விட்டு, அதில் வயரைக் கொழுவினாள். மிஞ்சின கரண்டை அது குடிக்குமாம். வேகம் கூடினால் ஆணியில் நுரை கூடும். நுரையைப் பார்க்கிற வேலை சிவக்கொழுந்துக்கு.

வேறு சாமான் என்பதால் ஆறு கோடும் முதலிலிருந்து.

"இஞ்சேருங்கோ, நுரைக்குது! ஆரின்ரை வெங்காயத்துக்கு இறைக்கிறியள்?"

"வாயை மூடடி, கால் குழம்பும்."

"கால் குழம்பினபடியால்தானே நான் வாயைத் திறக்கிறன்!"

மகள் ஒருதரம்கூடச் சிரிக்கவில்லை. பொழுது சாய முன்னம் ஆறாவது கோடு முடிந்தது. சைக்கிளால் இறங்கினேன். நிலத்திலேயே குந்திவிட்டேன்.

"சேர் இதை ஏற்பாரோ தெரியாது ஐயா. சாமானின்ரை நம்பர் வேறை" என்றாள்.

திங்கட்கிழமை எரிந்ததையும் றேடியோவில் கழற்றியதையும் ஒரே தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனாள். நான் துலாவில் ஏறினேன். கால் ஒரே சீராய் நடந்தது. வேறு மாதிரி நடக்க அதற்கு மறந்துபோய்விட்டது.

"என்ன கந்தப்பு, சாமி ஊர்வலமே போறாய்? வாளி நிரம்ப முன்னம் தூக்கிறாய்!" என்று கிணற்றடியில் நின்று கத்தினார் மார்க்கண்டர்.

பத்து மணிபோல் வேலியோரம் சைக்கிளை நிறுத்தினாள் மகள்.

"எழுதலாமாம் ஐயா. றேடியோச் சாமானை மற்றப் பிள்ளைக்கு வைச்சிட்டினம்."

"பிறகேன் பிள்ளை முகம் உப்பிடிக் கிடக்கு?"

"சோதினைக்கு நாள் இல்லையாம். கேள்விப் பேப்பர் அடிக்கத் தாள் இல்லையாம். எப்ப வருமெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம்."

வாளி நடுக்கிணற்றில் தொங்கிக்கொண்டு நின்றது.

"இறைக்கிறியோ, இல்லையோ?" என்றார் மார்க்கண்டர்.

இறைத்தேன். இறங்கும்போது மெல்ல, ஏறும்போது விறுவிறென்று நடக்கத்தான் பார்த்தேன். கால் கேட்கவில்லை.