ஸ்டெப்னியைப் பார்த்துச் சொன்ன அளவு

அந்த வீட்டில் கார் ஓட்டுவது அவள். காரைப் பற்றிப் பேசுவது அவள் கணவர். லைசென்ஸ் தேர்வில் ஒவ்வொரு முறையும் கோட்டை விட்டுத் திரும்பிய மனிதருக்கு எஞ்சின், பிரேக், டயர் என்று எதை எடுத்தாலும் கரை கண்ட பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து அவளும் "சரிங்க" என்று கேட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்தபடி ஓட்டிக்கொண்டிருந்தாள். இதுவரை அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

இன்றைக்கு வந்தது வினை. மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் அவள் தங்கைக்கு நாளைக் காலை இதய ஆபரேஷன். "நீ வந்து பக்கத்துல நின்னாதான்க்கா கையெழுத்துப் போடுவேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். ஏற்கெனவே ஒரு தடவை பயந்து தள்ளிப்போட்டவள். இன்னொரு தடவை தள்ளினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருட்டுவதற்குள் மலைப்பாதையைத் தாண்டியாக வேண்டும். மழை வேறு கட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சின்னக் காரின் நாலு டயரும் வழுக்கையாகக் கிடந்தன.

டயர் கடைக்காரர் காரைச் சுற்றி வந்தார். கணவர் போனில் சொல்லி வரவழைத்திருந்த புது டயர்களையும் பார்த்தார்.

"அளவு யாரு சார் சொன்னது?"

"நான்தான். டயர்ல இருக்கறதப் படிச்சுத்தான் சொன்னேன்."

"எந்த டயர்ல?"

கணவர் டிக்கிப் பக்கம் கையைக் காட்டினார். முட்டி வலியோடு குனிய மனமில்லாமல், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் இருந்த எண்ணை வாசித்திருக்கிறார். அவசரத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்ளக் கம்பெனியில் கொடுத்த ஒல்லிச் சக்கரம் அது. அதன் அளவில் நாலு டயர் வந்து வாசலில் நின்றது.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அடுத்தவர் கடையில் நின்று அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க வண்டி அளவுல இப்போ ரெண்டுதான் இருக்கு. மத்தது நாளன்னைக்கு வரும்," என்றார் கடைக்காரர்.

"அந்த ரெண்டையும் முன்னாடி மாட்டுங்க," கணவர் முந்திக்கொண்டார். "இழுக்கறதும் முன் சக்கரம், திரும்பறதும் முன் சக்கரம். சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி நடுவில் தலையைக் கொடுக்க அவருக்கென்ன பைத்தியமா?

போன மழையில் ஒரு திருப்பத்தில் காரின் பின்பக்கம் தானாக வீசிக்கொண்டு போனது அவளுக்கு நினைவிருந்தது. முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங் முதலில் கைக்குச் சொல்லிவிடும், சமாளிக்கலாம். பின் சக்கரம் சொல்லிக்கொண்டு வழுக்காது. இதையெல்லாம் வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"பின்னாடி மாட்டுங்கண்ணே. பழசுல பரவாயில்லாத ரெண்ட முன்னாடி போடுங்க."

"உனக்கென்ன தெரியும்? ஏதாவது ஆச்சுன்னா என்னைச் சொல்லாத."

"ஏதாவது ஆச்சுன்னா சொல்றதுக்கு ரெண்டு பேருமே இருக்க மாட்டோம்," என்றாள். "ஓட்டறவ நான். பின்னாடியே மாட்டுங்க."

மலை ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இறக்கத்தில் ஒரு வளைவில் ஸ்டியரிங் சட்டென்று லேசானது. அவள் திருப்பியும் கார் திரும்பாமல் பள்ளத்தைப் பார்த்து நேராகப் போயிற்று.

"பிரேக்... பிரேக்கைப் போடு," கணவரின் குரல் பிசிறியது.

அவள் போடவில்லை. காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, மேலும் ஒடிக்காமல் ஸ்டியரிங்கை அப்படியே பிடித்திருந்தாள். பின்பக்கம் அசையவில்லை. உயிர் கையில் இருந்தது. பிறகு முன் சக்கரம் ரோட்டைப் பிடித்தது. கார் வளைந்து தன் பாதைக்கு வந்தது. கணவரின் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் மடியில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். தங்கை.

"மாமா, ரோடெல்லாம் வழுக்குதாமே. எனக்கு இங்க பயமா இருக்கு. ஆபரேஷனே வேணாம்னு சொல்லிடட்டுமா?" மூச்சு வாங்கினாள். "டயரெல்லாம் நீங்கதானே பாத்து வாங்கினீங்க? நல்ல டயர்தானே?"

அவள் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வழக்கம்போல அளந்துவிடட்டும், தங்கை சமாதானமானால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"நான் வாங்கினது தப்பான டயரும்மா," என்றார் கணவர். "எதை எங்க மாட்டணும்னு சொன்னது உங்கக்கா. நான் சொன்னபடி கேட்டிருந்தா இந்நேரம் பள்ளத்துல கிடந்திருப்போம்."



"அக்கா பாத்ததா? அப்பச் சரி மாமா," என்றாள் தங்கை. "மெதுவாவே வாங்க. டாக்டர்கிட்ட நான் சரின்னு சொல்லிடறேன்."