எதிர்வரிசை

கன்னியர் மடத்தின் பாடல் கூடத்தில் இரண்டு பக்கமும் மர இருக்கைகள் எதிரெதிரே இருந்தன. வலப்பக்கம் ஓர் அடி பாடினால் இடப்பக்கம் அடுத்த அடி. நடுவே, தரைக்கல்லுக்குக் கீழே, வல்தோர்ஸி பிரபு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் படுத்திருந்தது. மடத்தைக் கட்டிக் கொடுத்தவர்கள் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: எங்கள் தலைக்கு மேல் நாள் தவறாமல் பாடுங்கள். அந்த வீட்டுப் பெண்களைக் கன்னியர் உடை உடுத்தி, வெறுங்காலோடு புதைத்தார்கள்.

கோடை முடிவில் தெல்ஃபினா இறந்ததும் இடப்பக்கம் காலியானது. அவள் சிஸ்டர் ஒர்தென்சியாவின் கூடப்பிறந்த தங்கை. மடத்துக்குள் இப்போது யாரையும் புதைக்கச் சட்டம் விடுவதில்லை. ஊருக்கு வெளியே பொதுக் கல்லறைச் சுவரில் ஒரு மாடத்தில் வைத்து அடைத்துவிட்டு வந்தார்கள். முன்பின் தெரியாத சீமாட்டிகள் தன் காலடியில் கிடக்க, தங்கை எங்கோ கிடந்தாள். ஒர்தென்சியாவுக்கு அது ஆறவே இல்லை.

மிஞ்சியது அவளும் மடத்துத் தலைவியும்தான். இருவருக்கும் வலப்பக்கம்.

"எல்லா அடியையும் நாமளே பாடிடலாமே சிஸ்டர். எதுக்கு நடுவுல நடுவுல நிறுத்துறீங்க?" என்றார் தலைவி.

"அந்தப் பக்கத்துக்கு இடம் விடணும் மதர். அதுதானே வழக்கம்."

"யாருக்கு, கீழ இருக்கிற பிரபுவுக்கா? உயிரோட இருந்தப்பவே அவருக்குச் சுருதி சேராதாம்."

மூடுபனி இறங்கிய ஒரு காலையில் அந்த இடைவெளியில் பதில் வந்தது. மெல்லிய பெண்குரல்கள் பல. காதுக்கு முன்பே உள்ளங்காலுக்குத் தெரிந்தது. காது மந்தமான தலைவி சாவகாசமாகப் பக்கத்தைத் திருப்பினார்.

ஒர்தென்சியா பயப்படவில்லை. தேடினாள். தெல்ஃபினா எந்த அடியையும் எல்லோருக்கும் பிந்தித்தான் முடிப்பாள்.

"எல்லாரும் நிறுத்தினப்புறம் நீ மட்டும் என்னடி வால் விடுற?" என்று ஒருமுறை அவளிடம் கேட்டிருந்தாள்.

"கடவுளுக்கு என்ன அவசரம்க்கா?"

கீழிருந்து வந்த குரல்கள் கத்தரித்தாற்போல் ஒன்றாக முடிந்தன. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

இறந்தோர் திருநாள் கழிந்ததும் தலைவி மடத்தை விட்டுப் போகும் பேச்சைக் கூடத்திலேயே வைத்து மறுபடி ஆரம்பித்தார். "போலோனியா மடத்துக்குப் போயிடலாம் சிஸ்டர். வெந்நீர் வருது, லிஃப்ட் இருக்கு. நீங்க ஒத்துக்கிட்டா நாளைக்கே கார் வரும். இல்லன்னா உங்கள இங்க தனியா விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

ஒர்தென்சியா கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வரேன் மதர். இங்க எனக்கு யாரும் இல்ல."

மறுநாள் காலை கடைசி வழிபாடு. துணிப்பெட்டி கதவோரம் தயாராக இருந்தது. அவள் தன் அடியைப் பாடி நிறுத்தினாள். குரல்கள் எழுந்து, ஒன்றாக முடிந்தன. பிறகு ஒரே ஒரு குரல், மெதுவாக, பிந்தி.

அவள் கை இருக்கையைப் பற்றிக்கொண்டது.

தெல்ஃபினா ஆயுள் முழுக்க இந்தக் கல்லுக்கு மேல்தான் பாடினாள். கேட்டுக் கிடந்தவர்களுக்கு அந்த இழுப்பு பாடமாகியிருக்காதா? நேற்று 'இங்க எனக்கு யாரும் இல்ல' என்று இவள் சொன்னதுகூட அவர்கள் காதில் விழுந்திருக்கும்; தலைக்கு மேல் பாட அவர்களுக்கு ஆள் வேண்டுமே. ஒர்தென்சியாவுக்கு இதெல்லாம் விளங்காமல் இல்லை.

வெளியே கார் ஹாரன் ஒலித்தது. "எழுந்திரிங்க சிஸ்டர்," என்று தலைவி தோளைத் தொட்டார்.

"நீங்க போங்க மதர்," என்றாள். அடுத்த அடியைப் பாடிவிட்டு, இடம் விட்டுக் காத்திருந்தாள்.