நூறு பால்டித் தண்ணீர்

1

இந்தக் கதை என் அசட்டுத்தனத்தில் பிறந்தது. நவுசோரியில், கழுவுவதற்காக வீட்டுத் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டு, அரைமணியில் காலியாகிவிடும் என்று நம்பினேன். ஒரு மணி நேரம் ஆனது. எங்கள் தீவின் தலைநகர் சுவாவுக்குப் போகும் பஸ் போயே போய்விட்டது. அந்த எரிச்சலை வேறு யார் தலையிலாவது கட்டத்தான் வீரசாமியை உருவாக்கினேன்.

2

சவேனியின் கரும்பு விவசாயி வீரசாமி, கண்கலங்கி...

(வேண்டாம். கலங்குகிற ஆள் இல்லை அவர்.)

மறுபடி. 1987. ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. வீரசாமியும் மனைவி பாப்பம்மாவும் ஆக்லாந்திலுள்ள மகனிடம் ஒரேயடியாகக் கிளம்புகிறார்கள். விமான நிலையத்துக்கு இரண்டு மணிக்கு டாக்சி. அதற்குள், மாரியம்மன் கோவிலுக்குக் காணிக்கையாக நேர்ந்த மழைத்தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, கோவில் லாரியில் ஏற்ற வேண்டும். காணிக்கையைத் தன் கையால்தான் ஏற்றுவேன் என்று பிடிவாதம். தண்ணீரை மண்ணில் விடவும் மனமில்லை. அக்கம்பக்கத்தார் பால்டி என்கிற வாளிகளோடு குழாயடியில் வரிசை கட்டிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பன்னிரண்டு மணிக்கு முதல் பால்டி ஒரே நிமிடத்தில் நிறைந்தது.

"அரே, நூறு பால்டி, நூறு நிமிஷம்! ஒண்ணே முக்காலுக்குள்ள டாங்கி காலி!" என்றார் வீரசாமி.

(தப்பு. மேலே நிற்கும் தண்ணீரின் கனம்தான் அடித்தண்ணீரைக் குழாய்வழியே தள்ளுகிறது. மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும். நூறு நிமிடத்தில் முக்கால் தொட்டிதான் காலியாகும். மீதிக் காலுக்கு இன்னொரு நூறு நிமிடம். இது தெரிய எனக்கு ஒரு பஸ் போயிற்று.)

3

பாப்பம்மா மேல்தான் சந்தேகம். முப்பது வருடம் அதே குழாயில் தண்ணீர் பிடித்தவருக்கு இது தெரியாதா? கதையை நிறுத்திவிட்டு அவரையே கேட்டேன்.

"தெரியாம என்ன? வூடு, மாடு, கரும்பு, எல்லாத்தியும் ஜல்தி ஜல்தின்னு முடிச்சிட்டாரு இந்த ஆளு. இது ஒண்ணாவது மெள்ள ஆவட்டுமே, தம்பி."

 

4

மணி இரண்டு. டாக்சி ஹாரன் அடிக்கிறது. இன்னும் பதினாறு பால்டி மிச்சம்.

முடிவு ஒன்று: காத்திருக்கிறார்கள், விமானம் போய்விடுகிறது. (அடுத்த சீட் எப்போது கிடைக்குமோ. அவர்கள் மகன் என்னைச் சும்மா விடமாட்டான்.)

முடிவு இரண்டு: தொட்டியைச் சாய்த்துக் கொட்டிவிடுவது. அதற்கு ஐந்து பேர் வேண்டும். எண்ணிப் பார்த்தேன், தெம்பானவர்கள் நாலு பேர்தான். நான் எழுதுகிறவன், எனக்குக் கை ஒழியாது. நீங்கள்தான் ஐந்தாவது.

"வாங்க, ஒரு கை குடுங்க!" என்று வீரசாமி உங்களைக் கூப்பிடுகிறார்.

பாப்பம்மா கூப்பிடவில்லை. குழாயடியில் குனிந்து, பால்டி நிறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.