வாள் ராணி அழமாட்டாள்

காலை ஏழரைக்குச் சாப்பாட்டு மேசையில் என் தட்டை வைக்க இடமில்லை. என் வீட்டுக்காரர் குறி பார்க்கிற டாரட் படச் சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, கன்னத்தில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"தட்டை அங்க வைக்காத. கோபுரம் இருக்கு."

"கொஞ்சம் தள்ளி வெச்சா இடிஞ்சிடுமா?"

"அது ஏற்கெனவே இடியுற கோபுரம்தான்" என்றார், சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோல. நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

பத்து மாதத்துக்கு முன்னால் நாவல் எழுதுவதற்காக அவர் காப்பீட்டு நிறுவன வேலையை விட்டார். "விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது நான்தான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அந்தச் சீட்டுக்கட்டில் எழுபத்தெட்டு படங்கள். அதிலிருந்து இருபத்திரண்டைப் பொறுக்கி, சீட்டுக்கு ஓர் அத்தியாயம் என்று திட்டம் போட்டார். இந்தக் காலத்தில் புதிது என்று நாம் நினைப்பதெல்லாம் இந்தப் பழைய படங்களின் மறுபிறவி என்பது அவர் கட்சி. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலை விளிம்பில் நிற்கும் முட்டாள்தான் வேலையை உதறிவிட்டுப் புதுக் கம்பெனி ஆரம்பிக்கிறவன். மந்திரவாதிதான் செல்போன் திரைக்குள்ளிருந்து எதையாவது விற்றுக்கொண்டே இருப்பவன். முதல் மாதம், டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருந்தது. அப்புறம், இன்று எழுதலாமா வேண்டாமா என்பதையும் சீட்டிடமே கேட்க ஆரம்பித்தார்.

"இன்னிக்கு யாரு?"

"தொங்குறவன். காத்திருக்கச் சொல்றான்."

"மூணு மாசமா ஒத்தக் கால்ல தலைகீழாத் தொங்குறான். அவனுக்குக் கால் வலிக்காதா?"

என் தங்கையிடம் புலம்பினால், "காசு வெச்சு ஆடலையேக்கா, சந்தோஷப்படு" என்கிறாள்.

அன்று நான் செருப்பை மாட்டும்போது அவர் பின்னாலேயே வந்து சில தாள்களை நீட்டினார். பதினோரு பக்கம். "ஒரு அத்தியாயம் முடிஞ்சிருச்சு. நீதான் முதல்ல படிக்கணும்" என்றார். எனக்குத் தெரியாமலே எழுதியிருக்கிறார். பஸ் நிறுத்தம்வரை கால் தரையில் பாவவில்லை. இவ்வளவு நாள் வாய்க்கு வந்தபடி பேசினோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

நான் பல் கட்டும் லேபில் வேலை பார்க்கிறேன். மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லைச் செதுக்கி, பீங்கானில் முடித்துக் கொடுப்பது என் வேலை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், மேசையில் கிடந்த பிளாஸ்டர் தூளை ஊதிவிட்டுத் தாள்களை விரித்தேன். தலைப்பு 'வாள் ராணி'. சீட்டில், நிமிர்ந்த வாளோடு சிங்காசனத்தில் உட்கார்ந்திருக்கும் ராணி. உணர்ச்சியை வெட்டி எறிந்துவிட்டு அறிவால் வாழும் இந்தக் காலத்துப் பெண். நான்காவது பக்கத்தில் அவள் பல் செய்தாள். ஏழாவது பக்கத்தில், ஆஸ்பத்திரி நடையில், அவளுடைய அப்பா செத்துப்போனார்.

'அவள் அழவில்லை. கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடினாள். வாள் உறைக்குள் சென்றது.'

அந்த மூன்றாவது வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. என் அப்பா போன அன்று நான் பேனாவை மூடியது உண்மைதான். கடன் வாங்கிய பேனா. நர்ஸிடம் திருப்பித் தர வேண்டியிருந்தது.

மதியத்துக்குமேல் ஒரு முன்பல்லுக்கு நிறம் பார்க்க வேண்டியிருந்தது. எங்களிடம் பதினாறு மாதிரிப் பற்கள் வரிசையாக இருக்கும். வருகிற பல் எதுவும் அந்தப் பதினாறில் அப்படியே அடங்காது. ஓரத்தில் ஒரு சாம்பல் இருக்கும், வேருக்குப் பக்கத்தில் லேசான பழுப்பு இருக்கும். மாதிரியிலிருந்து தொடங்கலாம், அதோடு நிறுத்தினால் பல் மறுநாளே திரும்பி வந்துவிடும். இதை நான் ஒரு சீட்டையும் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் கதவைத் திறந்ததுமே, "எப்படி இருக்கு?" என்றார். முகமெல்லாம் ஆவல்.

பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டேன். "நான் அழலைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"அது நீ இல்லம்மா. அது வாள் ராணி. அவ அழமாட்டா."

"பல்லு என்னுது. அப்பா என்னோட அப்பா. அழுகை மட்டும் ராணியோடதா?"

"நான் உன்கூடவேதானே இருந்தேன். நீ அழலையே" என்றார் மெதுவாக.

"வீட்டுக்கு வந்ததும் பாத்ரூமுக்குள்ள போனேனே?"

"குளிக்கிறேன்னு நினைச்சேன். தண்ணி சத்தம் கேட்டுச்சு."

"அரைமணி நேரம் தலைக்குக் குளிச்சிட்டு, காஞ்ச முடியோடயா வெளிய வந்தேன்?"

அவர் என் தலைமுடியைப் பார்த்தார், இப்போதும் ஈரமா காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனாவை எடுத்தார். என் அப்பாவின் சாவுக்கு நடுவில் நின்றுகொண்டு இந்த மனுஷன் பேனாவை எடுக்கிறார். அந்தப் பதினோரு தாளையும் அவர் மூஞ்சியில் விட்டெறியலாம்போல் இருந்தது.

"வாயைப் பொத்திக்கிட்டியா?" என்று கேட்டார். "இல்ல, குழாய் சத்தமே போதுமா இருந்துச்சா?"

பத்து மாதத்தில் என்னைப் பற்றிச் சீட்டைக் கேட்காமல் என்னிடமே அவர் கேட்ட முதல் கேள்வி அது. அதுவும் எழுதுவதற்காக.

"வாங்க. நீங்களே கேட்டுக்கங்க."

பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வாளியை இழுத்து வைத்து, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தேன். அழ வேண்டும் என்று உள்ளே வரவில்லை. சத்தம் எவ்வளவு என்று காட்டத்தான் வந்தேன்.

வாளி நிறைந்து வழிந்தது. தண்ணீர் தரையில் பரவி, கதவுக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக வெளியே போயிற்று. அந்த இடைவெளியில் அவருடைய இரண்டு பாதங்கள் தெரிந்தன. தண்ணீர் விரல்களைத் தொட்டது, குதிகாலைச் சுற்றிக்கொண்டது. பாதங்கள் நகரவில்லை.