ஓரத்துப் பெஞ்சு

கேசரி திரண்டு வாணலியை விட்டு விலகி வந்தபோதுதான் தமயந்திக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. சிங்கப்பூரின் பொங்கோலில் மகள் வீட்டுச் சமையலறை அது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து, சத்தமில்லாமல் ரவையை வறுத்து, முந்திரியை நெய்யில் பொரித்து, நான்கு கிண்ணங்களை மேசையில் வரிசையாக வைத்திருந்தாள். வீடும் விழித்துவிட்டது. குளியலறைக் கதவு திறந்து மூடியபடி இருந்தது. கூடமெங்கும் அத்தர் வாசனை. சம்பந்தி காதர் மைதீன் கடல்நீலச் சட்டையின் கைப்பொத்தானைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் ஒலித்த தக்பீர் முழக்கத்தோடு மெல்லச் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். மருமகன் நசீரும் அதே நீலத்தில் இருந்தான். கிண்ணங்களின் பக்கம் மட்டும் ஒருவரும் வரவில்லை.

நோன்புப் பெருநாளன்று காலையில் அவள் இங்கே வந்திருந்தாள். ஆளுக்குக் கொஞ்சம் பேரீச்சம்பழம் வாயில் போட்ட பிறகே அன்று எல்லோரும் தொழுகைக்குக் கிளம்பினார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மகள் கவிப்ரியா அப்போது சொன்னதை மனத்தில் பத்திரமாக வைத்திருந்தாள். பிறர் வீட்டு முறையை ஒருதரம் பார்த்தால் மறக்காதவள் என்று அலுவலகத்திலேயே அவளுக்குப் பெயர். அந்த நம்பிக்கையில்தான் இன்று விடியும் முன் அடுப்பைப் பற்றவைத்தாள்.

காதர் மைதீன்தான் விஷயத்தை உடைத்தார். இது ஹஜ்ஜுப் பெருநாள், இன்றைக்கு முறை நேர் எதிர், தொழுத பிறகே சாப்பாடு என்று சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். அவர் சங்கடப்பட்டது தமயந்தியை இன்னும் கூசவைத்தது. நசீர் வந்து கிண்ணங்களைத் தட்டால் மூடினான்.

"மாமி, இத அத்தா கண்ணுல படாம வைங்க லா. அப்புறம் தொழுகைல நெனப்பு பூரா இங்கதான் இருக்கும்."

"வாசனை அங்க வரைக்கும் வரும்டா. மூடி என்ன செய்ய," என்றார் காதர் மைதீன்.

தமயந்தியும் சிரித்துவைத்தாள். கேசரியை ஒரு டப்பாவில் அள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தொழுகை முடிந்ததும் அங்கேயே கொடுத்துவிடலாம்.

அவள் முந்தைய நாளே வந்து தங்கியதற்குக் காரணம் கேசரி இல்லை. அடுத்த மாதம் செம்பவாங் கோயிலில் கணவர் பாலகிருஷ்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். ஒரே மகள் பக்கத்தில் நின்று தட்டைப் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை மகளிடம் கேட்க அவருக்குத் துணிவில்லை. "நீ போய்ப் பாரு, நிப்பாளான்னு கேட்டுட்டு வா," என்று அனுப்பிவிட்டார். கவிப்ரியா கல்யாணப் பதிவுக்காக மதம் மாறியவள். சொந்தக்காரர்கள் விசாரித்தபோதெல்லாம், பேப்பருக்குத்தான் என்று தமயந்தி சொல்லி வந்திருக்கிறாள். பேப்பருக்குத்தான் என்றால் மகள் வந்து நிற்பாள். இல்லையென்றால் அந்தக் கேள்வியைக் கேட்பதே அவளைச் சுவரோடு நெருக்குவதாகிவிடும். எது உண்மை என்பது தமயந்திக்கே தெரியாது. அம்மா வந்து தங்கும்போதெல்லாம் கவி அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் தொழுவாள். உள்ளே அந்த முகம் எப்படி இருக்கும் என்று கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து யோசித்த நேரங்கள் நிறைய உண்டு. பள்ளித் தேர்வுக்கு உட்கார்ந்த முகமா, தூங்கும் முகமா? இன்று தொழுகை வீட்டுக்கு வெளியே, எல்லோரோடும். பார்த்துவிடலாம்.

அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே கூரை போட்ட பொதுக்கூடத்தில் பாய்கள் விரித்திருந்தார்கள். மழை நனைக்காத நடைபாதை வழியாகவே நேரே போனார்கள். ஆண்கள் முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். பின்பக்கம் ஒரு துணித் தடுப்பு, அதற்குப் பின்னால் பெண்கள். தமயந்தி சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். மகளின் முகம் தெரியும்படி எங்கே நிற்கலாம் என்று பார்த்தபோது, கவிப்ரியா பெண்களின் வரிசையை நோக்கிப் போகவில்லை என்பதைக் கவனித்தாள். கூடத்துக்கு வெளியே, ஓரத்தில் கிடந்த சிமெண்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள்.

"நீ போகலயா?"

"எனக்கு இன்னிக்குத் தொழுகை கெடையாதும்மா. பீரியட்ஸ்."

தமயந்தி உட்கார்ந்தாள். முதலில் வந்தது ஏமாற்றம். அதன் அடியில், தனக்கே வெட்கமாக இருந்த ஒரு சின்ன நிம்மதி. பார்க்க வந்ததைப் பார்க்காமலே திரும்பலாம், கேள்வியை மட்டும் கேட்டுவிடலாம். பிறகு வேறொன்று உறைத்தது. தொழுகை இல்லையென்றால் இவள் ஏன் விடியற்காலையில் குளித்து, புது உடுப்பு உடுத்தி, முக்காட்டுக்கு அத்தனை ஊசி குத்திக்கொண்டு வந்தாள்?

அவளுடைய சொந்தக் கணக்கில் அந்த நாட்கள் விடுமுறை நாட்கள். சாமியறைப் பக்கம் போக வேண்டியதில்லை. விளக்கு, பூ, கோயில் எதுவும் கிடையாது. சின்ன வயதில் அதை ஒரு தண்டனை என்று நினைத்ததில்லை. சாமிக்கும் தனக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைத்த மாதிரி இருக்கும், கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம். கவியும் அப்படித்தான் வளர்ந்தாள். தைப்பூசத்தன்று வீட்டில் விடப்பட்டபோது அழவில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள்.

"வீட்ல இருந்திருக்கலாமே."

"இந்த நாள்ல எங்களையும் வரச் சொல்லியிருக்கும்மா. தொழ வேணாம். ஓரமா உக்காந்து கேக்கலாம்."

எங்களையும் என்ற சொல்லைத் தமயந்தி மனத்தில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அதில் தான் இல்லை. வரச் சொன்னால் வந்துவிட வேண்டுமா? அலுவலகத்தில் லீவு நாளிலும் வந்து, வேலை எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகும் ஆளை அவள் கண்டதில்லை. அப்படி ஒருத்தி வந்தால், அந்த இடம் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றும்.

மடியில் டப்பா சூடாக இருந்தது. மூடியின் ஓரத்தில் நெய் கசிந்திருந்தது. பக்கத்தில் மகளின் முகம் வெளுத்திருந்தது. முதல் நாளில் கவிக்கு வயிறு காலியாக இருந்தால் தலை சுற்றும், சிறுமியாக இருந்தபோதே அப்படி.

"நீதான் தொழலயே. ரெண்டு வாய் சாப்பிடு."

"சாப்பிடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சொன்னாளே தவிரக் கை நீட்டவில்லை. கூடத்தில் தக்பீர் எழுந்தது. ஒருவர் தொடங்க, நூறு குரல்கள் அதே இழுவையில் ஏறி இறங்கின. தமயந்தி தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினாள். கவியின் உதடுகள் அசைந்தன. சத்தமே இல்லை. கணவன் தடுப்புக்கு அந்தப்பக்கம், மாமனார் அதற்கும் முன்னால். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளும் யாரையும் பார்க்கவில்லை. வரிசைகள் குனிந்து நிமிர்ந்தபோது அவள் கைகள் மடியில் அப்படியே கிடந்தன. அது தேர்வு முகம் இல்லை, தூங்கும் முகமும் இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறவளின் முகம் என்று தமயந்திக்குத் தோன்றியது. அந்த முகத்தைத் தன்னிடமே எங்கோ பார்த்திருக்கிறாள், எங்கே என்றுதான் நினைவுக்கு வரவில்லை.

தொழுகை முடிந்து மலாயில் குத்பா உரை தொடங்கியது. அதுவும் முடிந்து ஆண்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொள்ளத் தொடங்கிய பிறகே கவி டப்பாவை வாங்கித் திறந்தாள். கரண்டி கொண்டுவரவில்லை. விரலால் எடுத்துச் சாப்பிட்டாள். வேகமாக, சின்னப் பிள்ளை மாதிரி.

வீட்டிலிருந்து தயார் செய்துகொண்டு வந்த வாக்கியங்கள் எதுவும் இப்போது தமயந்தியின் வாயில் நிற்கவில்லை.

"அடுத்த மாசம் அப்பாவுக்கு அறுபது," என்றாள்.

"தெரியும்மா."

கவி ஒரு முந்திரியைத் தேடி எடுத்தாள். அம்மா அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த முந்திரியை மெல்ல அத்தனை நேரம் தேவையில்லை.

"தட்டு புடிக்க என்னால முடியாதும்மா," என்றாள். பிறகு, டப்பாவைப் பார்த்தபடியே, "அங்கயும் ஓரமா உக்கார எடம் இருக்குமா?"

தமயந்தி பதில் சொல்வதற்குள் நசீரும் அவன் அத்தாவும் வந்துவிட்டார்கள். காதர் மைதீன் ஒரு பிடி அள்ளிக்கொண்டு, நெய் இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம் சம்பந்தி என்றார். எல்லோரும் எழுந்தார்கள். தமயந்தி பழக்கத்தில், வந்த நடைபாதைப் பக்கம் திரும்பினாள். கவி அவள் முழங்கையைத் தொட்டாள்.

"அந்தப் பக்கம் வேணாம்மா. பெருநாளுக்கு வந்த வழில திரும்ப மாட்டோம்."

"ஏன்?"

"நபி அப்படித்தான் திரும்புவாங்களாம். ரெண்டு பக்கத்து ஆளுங்களயும் பாத்த மாதிரி இருக்கும்னு மாமா சொல்வாங்க."

புதிய வழி நீரோடையை ஒட்டிப் போனது. கூரை கிடையாது, வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. எதிரே வந்தவர்களுக்கெல்லாம் காதர் மைதீன் கை கொடுத்துக்கொண்டே நடந்தார். தமயந்தி கொஞ்சம் பின்தங்கினாள். மனத்தில் அவள் செம்பவாங் கோயிலுக்குள் நடந்துகொண்டிருந்தாள். எப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சன்னிதிக்குப் போகிறவள், இன்று அங்கே போகாமல், கால் கழுவும் குழாய், தேங்காய் உடைக்கும் இடம், வெளிச்சுவர் என்று வேறு பக்கமாகச் சுற்றி வந்தாள். மணியோசை கேட்கிற தூரத்தில், நிழலில், ஒரு நாற்காலி போட எங்கே இடமிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே.